எலெக்ட்ரானை எண்ணிச் செலவழித்தவர்: ரிச்சர்ட் ஹெண்டர்சனும் கிரையோ நுண்ணோக்கியும்

கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி, அதாவது உறையவைத்த மாதிரியை எலெக்ட்ரானால் பார்க்கும் கருவி, எடுத்த படத்தை முதல்முறை பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பழைய டிவியில் சிக்னல் போனதும் திரை முழுக்கப் புள்ளி பறக்குமே, கிட்டத்தட்ட அதுதான். சாம்பல் நிறப் பின்னணி. கூர்ந்து பார்த்தால் அங்கங்கே சற்றே அடர்ந்த திட்டுகள். ஒவ்வொரு திட்டும் ஒரு புரத மூலக்கூறு. இப்படிப்பட்ட மங்கல் திட்டுகளை லட்சக்கணக்கில் சேர்த்துத்தான், ஒரு புரதத்தில் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று இன்று சொல்கிறார்கள்.

இந்த முறைக்காக 2017-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது: ஜாக் டுபோஷே, யோவாக்கிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன். டுபோஷே தண்ணீரைக் கண்ணாடிபோல உறையவைத்தார். ஃபிராங்க் மங்கல் படங்களைக் கூட்டும் கணக்கைத் தந்தார். ஹெண்டர்சன் செய்ததை இப்படி ஒரு வரியில் அடக்க முடியாது. கேம்பிரிட்ஜில் அரை நூற்றாண்டாக அவர் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறார்: பார்க்க உதவும் எலெக்ட்ரானே மூலக்கூறைச் சிதைக்கிறது என்றால், அது சிதைவதற்குள் அதைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? இந்தத் துறையில் புதிதாக நுழைபவர் குழம்பும் இடங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் தெளிந்துவிடும்.

அலைநீளம் பிரச்சினையே இல்லை

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும். புரதத்தில் அடுத்தடுத்த இரண்டு கார்பன் அணுக்களின் இடைவெளி 1.5 ஆங்ஸ்ட்ராம்தான். ஒளியை வைத்து அதைப் பிரித்துப் பார்ப்பது நடக்காது. 3 லட்சம் வோல்ட்டில் முடுக்கிவிட்ட எலெக்ட்ரானின் அலைநீளமோ 0.02 ஆங்ஸ்ட்ராம். தேவைக்கு மேல் நுட்பமானது.

அப்படியானால் 1930-களிலேயே பிறந்துவிட்ட எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஏன் உடனே புரதங்களைக் காட்டிவிடவில்லை? இரண்டு தடைகள். கருவியின் உள்ளே வெற்றிடம். அங்கே வைத்த ஈரமான மாதிரி நொடியில் காய்ந்து சுருங்கிவிடும். இரண்டாவதுதான் உண்மையான வில்லன்: எலெக்ட்ரான் மோதும் மோதல்.

புரதத்தின் வழியே போகும் எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவை எதையும் தொடாமல் கடந்துவிடும். தொடுபவற்றில் சில, ஆற்றல் இழக்காமல் திசை மட்டும் மாறும். படத்தை உருவாக்குபவை இவை. மற்றவை போகிற போக்கில் தம் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறில் இறக்கிவிட்டுப் போகும். ஹெண்டர்சன் 1995-இல் போட்ட கணக்குப்படி, உயிர்ப்பொருளில் பயனுள்ள ஒரு சிதறலுக்கு மூன்று கெடுதலான சிதறல்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 20 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலைக் கொட்டுகிறது. ஒரு வேதிப்பிணைப்பை உடைக்கச் சில எலெக்ட்ரான்வோல்ட் போதும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கதிர்வீச்சு அளவில் சொன்னால் இன்னும் பயங்கரம். 300 கிலோவோல்ட்டில் ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரே ஒரு எலெக்ட்ரான் என்பது ஏறத்தாழ 37 லட்சம் கிரே (பொருளில் இறங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மனித உடல் முழுவதும் 5 கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து. இன்று வழக்கமாக ஒரு படத்துக்குச் சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 40 முதல் 60 எலெக்ட்ரான் வரை செலவாகிறது. அதற்குள் புரதத்தின் நுண்விவரங்களில் பெரும்பகுதி அழிந்தே விடுகிறது.

எலெக்ட்ரானைக் கூட்டினால் படம் தெளியும், மூலக்கூறு சாகும். குறைத்தால் மூலக்கூறு பிழைக்கும், படம் இரைச்சலில் மூழ்கும். இந்த இழுபறியிலிருந்து தப்பிக்க வழி கிடையாது. சிக்கனமாகச் செலவழிக்கத்தான் வழி உண்டு.

இயற்பியல் படித்தவர் ஊதாச் சவ்வுக்கு வந்தது

1945-இல் எடின்பரோவில் பிறந்த ஹெண்டர்சன் அங்கேயே இயற்பியல் படித்தார். 1966-இல் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் டேவிட் ப்ளோவிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். வேலை, கைமோட்ரிப்சின் என்ற செரிமான நொதியின் அமைப்பை எக்ஸ்-கதிர் படிகவியலில் (படிகத்தில் எக்ஸ்-கதிர் சிதறும் விதத்திலிருந்து அணுக்களின் இடத்தைக் கணிக்கும் முறை) கண்டறிவது. 1967-இல் அந்த அமைப்பு வெளியானபோது ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

எக்ஸ்-கதிர் முறைக்கு முதல் தேவை படிகம். தண்ணீரில் கரையும் புரதங்கள் பல, பொறுமையாக முயன்றால் படிகமாகும். செல்லின் சவ்வில் புதைந்திருக்கும் புரதங்கள் அப்படியல்ல. எண்ணெய்ப் பசையான சூழலிலிருந்து வெளியே எடுத்தாலே குலைந்துபோகும். நரம்பில் சோடியம் அயனிகளை விடும் வாயில் புரதங்களை யேல் பல்கலைக்கழகத்தில் ஆராயப் போன ஹெண்டர்சன் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார். 1973-இல் கேம்பிரிட்ஜ் திரும்பியதும், படிகமாக்கும் சிரமமே இல்லாத ஒரு சவ்வுப் புரதத்தைப் பிடித்தார்.

உப்பளத்தில் முற்றிய உப்புநீர் செந்நிறமாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உயிரிகளின் கூட்டம் புதிதல்ல. கடும் உப்பில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரின் சவ்வில் ஊதா நிறத் திட்டுகள் உண்டு. அவற்றில் இருப்பது பாக்டீரியோரோடாப்சின். ஒளியைப் பிடித்து புரோட்டானை வெளியே தள்ளும் குட்டிப் பம்பு, 248 அமினோ அமிலங்கள் கொண்டது. இந்தப் புரதம் சவ்வுக்குள்ளேயே தரையில் டைல்ஸ் பதித்ததுபோல ஒழுங்காக அணிவகுத்து நிற்கிறது. அதாவது இயற்கையே செய்துவைத்த இருபரிமாணப் படிகம். ஒரே ஒரு மூலக்கூறு தடிமன் என்பதால் எக்ஸ்-கதிருக்கு இது போதாது. எலெக்ட்ரானுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும்.

ஹெண்டர்சனும் சக ஆய்வாளர் நைஜல் அன்வினும் இங்கே செய்ததை நிதானமாகப் பார்க்கலாம், பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் விதை இதில் இருக்கிறது. அக்கால வழக்கம், யுரேனைல் அசிடேட் போன்ற கன உலோக உப்பைப் புரதத்தின் மேல் பூசிப் பார்ப்பது. அதில் தெரிவது புரதத்தின் அச்சு, புரதம் அல்ல. ஏறக்குறைய 20 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே விவரம் கிடைக்காது. இவர்கள் சாயத்தைத் தூக்கி எறிந்தார்கள். தண்ணீருக்குப் பதிலாகக் குளுக்கோஸ் கரைசலில் சவ்வை நனைத்து உலர்த்தினார்கள். சர்க்கரை ஆவியாகாது, வெற்றிடத்திலும் புரதத்தைச் சுற்றி நின்று அதன் வடிவத்தைத் தாங்கிக்கொள்ளும். பிறகு எலெக்ட்ரானைச் சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்கினார்கள்.

இவ்வளவு குறைந்த செலவில் எடுத்த படத்தில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அதில் ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி மூலக்கூறுகள் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. படத்தை ஃபூரியே மாற்றத்துக்கு (திரும்பத் திரும்ப வரும் அமைப்பைப் பிரித்தெடுக்கும் கணக்கு) உட்படுத்தினால், திரும்ப வரும் சமிக்ஞை கூர்மையான புள்ளிகளாக ஓரிடத்தில் சேரும். ஒழுங்கற்ற இரைச்சல் எங்கும் பரவிப் போகும். ஒரு மூலக்கூறைச் சுரண்டுவதற்குப் பதில் ஆயிரம் மூலக்கூறுகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் கடன் வாங்கிய கதை.

சவ்வைச் சுமார் 60 பாகை வரை பல கோணங்களில் சாய்த்து எடுத்த தகவல்களைக் கூட்டி, 1975-இல் 7 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் (பிரித்துக் காட்டும் நுட்பம், எண் சிறிதானால் விவரம் கூடும்) முப்பரிமாண உருவம் வெளியிட்டார்கள். சவ்வுக்குக் குறுக்கே நெருக்கமாக நிற்கும் ஏழு சுருள் தண்டுகள் அதில் தெரிந்தன. ஒரு சவ்வுப் புரதம் உள்ளே எப்படி இருக்கும் என்பதை உலகம் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

தண்டு தெரிந்தது, அணு தெரியவில்லை. அதற்கு இன்னும் 15 ஆண்டுகள் ஆயின. மாதிரியைத் திரவ நைட்ரஜன் குளிரில் வைத்தால் அதே சேதத்துக்குச் சில மடங்கு அதிக எலெக்ட்ரானைத் தாங்கும். ஆனால் அத்தனை குளிரிலும் ஆடாமல் நிற்கும் மாதிரி மேடை அன்று சில இடங்களில்தான் இருந்தது. பெர்லின், பெர்க்லி என்று நல்ல கருவி இருந்த ஊர்களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து எடுத்த படங்களிலிருந்து, 1990-இல் சவ்வின் தளத்தில் 3.5 ஆங்ஸ்ட்ராம் அளவில் அணு மாதிரி வந்தது. செங்குத்துத் திசையில் மட்டும் விவரம் குறைவு. காரணம் எளிது: தட்டையான சவ்வை 90 பாகை சாய்த்துப் பக்கவாட்டில் பார்க்க முடியாது, அந்தக் கோணங்களின் தகவல் கூம்பு வடிவில் விடுபட்டுப் போகிறது. இன்றும் எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டால் இதே நோய்தான் வரும்.

தண்ணீரைக் கண்ணாடியாக்கும் சமையல்

எல்லாப் புரதமும் டைல்ஸ் போல அணிவகுக்காது. தனித்தனியாக மிதக்கும் மூலக்கூறுகளைப் பார்க்க வேண்டுமானால், அவற்றை நீரோடு சேர்த்தே உறையவைக்க வேண்டும். ஃபிரீசரில் வைப்பதுபோல மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் வளரும். படிகம் புரதத்தை ஓரங்கட்டும், எலெக்ட்ரானைத் தாறுமாறாகச் சிதறடிக்கும். நொடிக்கு ஒரு லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் குளிர்ந்தால், நீர் மூலக்கூறுகள் அணிவகுக்க நேரமின்றி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஹைடெல்பெர்க்கில் டுபோஷேயும் அலாஸ்டெய்ர் மெக்டவலும் 1981-இல் இதைச் செய்து காட்டினார்கள். 1984-இல் வைரஸ்கள் இப்படி உறைந்த படங்கள் வந்தன.

இன்று ஆய்வகத்தில் நடப்பது இது. 3 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டச் சல்லடை ஒன்று, கிரிட் என்பார்கள். செம்பாலோ தங்கத்தாலோ ஆனது. அதன் கட்டங்களின் மேல் மெல்லிய கார்பன் படலம், படலத்தில் 1.2 மைக்ரான் அளவில் வரிசையாகத் துளைகள். கார்பன் தண்ணீரை ஒட்டவிடாது. எனவே பிளாஸ்மாவில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்து நீர் படரும்படி மாற்றுகிறார்கள். இந்தக் குணம் நிலைக்காது. அரை மணி, ஒரு மணிக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

4 டிகிரி செல்சியஸ், கிட்டத்தட்ட 100 சதவீத ஈரப்பதம் உள்ள கூண்டுக்குள் கிரிட்டைப் பிடித்து 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசலை விடுவார்கள். வடிதாளால் 3 முதல் 6 நொடி ஒற்றி எடுத்ததும், துளைகளில் 200 முதல் 500 ஆங்ஸ்ட்ராம் தடிமனில் நீர்ப்படலம் மிஞ்சும். கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும்: 3 மைக்ரோலிட்டர் என்பது அந்த வட்டத்தின் மேல் 0.4 மில்லிமீட்டர் உயரம். நமக்கு வேண்டியது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மாதக்கணக்கில் சுத்திகரித்த புரதத்தில் மீதி எல்லாம் தாளுக்குத்தான் போகிறது.

ஒற்றிய மறுகணம் கிரிட் திரவ ஈத்தேனில் பாயும். ஏன் திரவ நைட்ரஜனிலேயே போடக் கூடாது என்று எல்லாரும் கேட்பார்கள். நைட்ரஜன் இன்னும் குளிர்ச்சி, மைனஸ் 196 டிகிரி. ஆனால் கொதிநிலையிலேயே இருக்கிறது. சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி ஆவி மெத்தையில் உருண்டோடுமே, அதேபோல கிரிட்டைச் சுற்றி வாயு உறை உருவாகி வெப்பத்தைத் தடுத்துவிடும். ஈத்தேன் மைனஸ் 183 டிகிரியில் உறையும், மைனஸ் 89 டிகிரியில்தான் கொதிக்கும். உறையும் நிலைக்குச் சற்று மேலே நிறுத்தினால் குமிழியே வராமல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். எளிதில் தீப்பிடிக்கும் வாயு என்பதால் காற்றோட்டமும் தீப்பொறி இல்லாத இடமும் கட்டாயம்.

அதன்பிறகு அந்தக் கிரிட் மைனஸ் 137 டிகிரிக்கு மேல் ஒரு கணமும் போகக் கூடாது. போனால் கண்ணாடி படிகமாகிவிடும். திரும்பக் குளிர்வித்தாலும் மீளாது. இடுக்கியின் நுனியை முன்கூட்டியே குளிர்விக்க மறப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அடுத்தது, திறந்தே கிடந்த பழைய நைட்ரஜனைப் பயன்படுத்துவது: காற்றின் ஈரம் அதில் பனித்துகளாக மிதந்து கிரிட்டில் ஒட்டிக்கொள்ளும். படத்தில் கருங்கல் போலத் தெரிவது அதுதான்.

படலம் தடித்தால் புரதம் தண்ணீரில் மறையும். மிக மெலிந்தால் நடுவே இடமில்லாமல் மூலக்கூறுகள் துளையின் விளிம்புக்கு ஒதுங்கும். ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய தலைவலி வேறு. இவ்வளவு மெல்லிய படலத்தில் ஒரு புரதம் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நீரின் மேற்பரப்பில் முட்டும். காற்று படும் அந்தப் பரப்பில் பல புரதங்கள் அவிழ்ந்துவிடும், அல்லது ஒரே பக்கமாக ஒட்டிக்கொள்ளும். சோதனைக்குழாயில் முழுதாக இருந்த புரதம் கிரிட்டில் உடைந்து கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். துளியளவு சோப்பு போன்ற பொருள் சேர்ப்பது, கிராஃபீன் தாளில் புரதத்தை ஒட்டவைப்பது, ஒற்றும் நேரத்தை மிகவும் குறைப்பது என்று வைத்தியம் பல உண்டு. எல்லாப் புரதத்துக்கும் பொருந்தும் ஒன்று இல்லை.

குவியத்தை வேண்டுமென்றே விலக்குவது

கருவியில் ஏற்றியதும் இன்னொரு விசித்திரம். படம் எடுப்பவர் குவியத்தைச் சரியாக வைக்காமல் ஒன்று, இரண்டு மைக்ரான் விலக்கி வைக்கிறார். உறைந்த நீருக்கும் புரதத்துக்கும் எலெக்ட்ரானைத் தடுப்பதில் பெரிய வித்தியாசமில்லை. புரதம் எலெக்ட்ரான் அலையைச் சற்றே தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. துல்லியக் குவியத்தில் இது கண்ணுக்குப் படாது. தெளிந்த நீர்த்தொட்டியின் மேற்பரப்பில் நெளியும் சிற்றலை நேராகப் பார்த்தால் தெரியாது. தொட்டியின் அடியில் ஒளிக்கோடுகளாக அசைவது தெரியும். விலகிய தளத்தில் பார்ப்பதால் தாமதம் வெளிச்சமாகவும் நிழலாகவும் மாறுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. விலக்கும்போது சில அளவு விவரங்கள் படத்திலிருந்து முற்றிலும் காணாமற்போகும், சில கறுப்பு வெள்ளை தலைகீழாகும். எனவே ஒரே விலக்கத்தில் எல்லாப் படங்களையும் எடுக்கக் கூடாது. 0.8 முதல் 2.5 மைக்ரான் வரை மாற்றி மாற்றி எடுத்தால், ஒன்றில் தொலைந்தது இன்னொன்றில் கிடைக்கும். தலைகீழானதை மென்பொருள் நிமிர்த்திவிடும்.

கூட்டலின் கணக்கு

ஃபிராங்க் அமெரிக்காவின் ஆல்பனியில் 1970-களின் நடுவில் தொடங்கி வளர்த்த யோசனை இது. ஒரே புரதம் பனியில் பல திசைகளில் உறைந்து கிடக்கிறது. ஒரே திசையில் தெரிபவற்றைக் கணினி ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால், சமிக்ஞை கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 100 படம் கூட்டினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். 10,000 கூட்டினால் நூறில் ஒரு பங்கு. பிறகு ஒவ்வொரு சராசரியும் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தது என்று கண்டுபிடித்து முப்பரிமாண உருவத்தைக் கட்டுவார்கள்.

இந்த முறையில் எதுவரை போகலாம்? 1995-இல் ஹெண்டர்சன் எழுதிய கட்டுரை இதற்குத்தான். எலெக்ட்ரான், எக்ஸ்-கதிர், நியூட்ரான் மூன்றையும் தராசில் வைத்தார். பயனுள்ள ஒரு சிதறலுக்கு எக்ஸ்-கதிர் மூலக்கூறில் இறக்கும் ஆற்றல், எலெக்ட்ரான் இறக்குவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆக, தனி மூலக்கூறுகளைப் பார்க்க எலெக்ட்ரானே சிறந்தது. ஒரு லட்சம் டால்டன் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) எடையுள்ள புரதத்துக்கே, பத்தாயிரம் அளவிலான படங்களிலிருந்து 3 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு கிடைக்க வேண்டும் என்றார். அன்று யாரும் அதற்கு அருகில்கூட வரவில்லை. இயற்பியல் தடுக்கவில்லை என்றால் கருவியில்தான் கோளாறு என்பது கட்டுரையின் உட்பொருள். அறிவியலில் இப்படித் துணிந்து ஒரு எல்லைக்கோடு வரைந்து காட்டுபவர்கள் குறைவு.

2003-இல் பீட்டர் ரோசந்தாலுடன் சேர்ந்து இன்னொரு அளவுகோலைக் கொடுத்தார். பிரிதிறனைக் கூட்ட எத்தனை படம் தேவை என்பதை, படங்களின் தரத்தைக் குறிக்கும் பி-காரணி என்ற ஒற்றை எண் தீர்மானிக்கிறது. அது 100 சதுர ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொண்டால், 4 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3-க்குப் போகச் சுமார் 11 மடங்கு படம் வேண்டும், 3-லிருந்து 2.5-க்குப் போக மறுபடி ஏறக்குறைய அதே 11 மடங்கு. படம் குவிப்பதைவிடத் தரத்தை உயர்த்துவது ஏன் லாபம் என்று இதில் புரியும்.

டிடெக்டர் என்ற பலவீனக் கண்ணி

அப்படியானால் கோளாறு எங்கே? எலெக்ட்ரானைப் பதிவு செய்யும் இடத்தில். ஃபிலிம் ஓரளவு நல்லது, ஆனால் கழுவி, உலர்த்தி, ஸ்கேன் செய்து மாளாது. அதற்குப் பின் வந்த சிசிடி கேமராவில் எலெக்ட்ரான் முதலில் ஒளிரும் பூச்சில் மோதி ஒளியாக மாறும், அந்த ஒளி இழைகள் வழியே சில்லுக்குப் போகும். வழியில் பரவி மங்கும். வசதிக்காகத் தரத்தை விட்டுக்கொடுத்த காலம் அது.

ஹெண்டர்சன், வாசி ஃபாருக்கி, கிரெக் மெக்முல்லன் ஆகியோர் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தின் சில்லு வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து, எலெக்ட்ரான் நேரடியாகச் சிலிக்கன் சில்லிலேயே பதியும் உணர்கருவியில் இறங்கினார்கள். முதலில் இரண்டு சிக்கல். எலெக்ட்ரான் மழை சில்லையே கெடுத்துவிடும். ஆகவே கதிர்வீச்சைத் தாங்கும் வடிவமைப்பு வேண்டும். இரண்டாவது நுட்பமானது: சில்லைத் துளைத்துப் போன எலெக்ட்ரான் கீழே உள்ள சிலிக்கனில் மோதித் திரும்பி வந்து வேறொரு பிக்சலில் மறுபடி பதியும். ஒரே எலெக்ட்ரானை இரண்டு இடத்தில் எண்ணினால் அது இரைச்சல். தீர்வு, சில்லின் முதுகைச் சில பத்து மைக்ரான் தடிமன்வரை தேய்த்து மெலிதாக்குவது. போன எலெக்ட்ரான் போனதுதான், திரும்பாது.

நேரடி உணர்கருவி இன்னொரு கதவையும் திறந்தது. ஒரே படத்தை 40, 50 சட்டங்களாகப் பிரித்து வீடியோவாக எடுக்க முடிந்தது. எலெக்ட்ரான் பட்டதும் பனிப்படலம் அதிர்ந்து நகரும். முன்பு அந்த நகர்வெல்லாம் ஒரே படத்தில் கலங்கலாகப் பதிந்தது. இப்போது சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்திக் கலங்கலை நீக்கலாம். கொடுமை என்னவென்றால் நகர்வு மிகுந்திருப்பது முதல் சில எலெக்ட்ரான்களின்போது. மூலக்கூறு சேதமின்றி இருப்பதும் அப்போதுதான். கேம்பிரிட்ஜில் கிறிஸ் ரூசோ, லோரி பாஸ்மோர் இருவரும் 2014-இல் கொண்டுவந்த தங்கப் படலக் கிரிட், படலத்தின் அசைவை வெகுவாகக் குறைத்து இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டது.

2013-இன் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் யிஃபான் செங், டேவிட் ஜூலியஸ் குழுக்கள் மிளகாயின் காரத்தை உணரும் அயனி வாயிலை 3.4 ஆங்ஸ்ட்ராமில் வெளியிட்டன. படிகமே இல்லாமல் சவ்வுப் புரதம். 1970-களில் ஹெண்டர்சன் யேலில் முட்டிய சுவர் இந்த வழியில் உடைந்தது. 2014-இல் வெங்கி ராமகிருஷ்ணன் குழு, ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவில் புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமின் பெரிய பாதியை 3.2 ஆங்ஸ்ட்ராமில் கண்டது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி, ரைபோசோமை எக்ஸ்-கதிரால் கண்டதற்காக 2009-இல் நோபல் பெற்றவர். படிகவியலில் உச்சம் தொட்டவரே படிகத்தை விட்டு இந்தப் பக்கம் வந்ததைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. 2020-இல் அப்போஃபெரிடின் என்ற உறுதியான புரதத்தில் பிரிதிறன் 1.2 ஆங்ஸ்ட்ராம் அளவைத் தொட்டது. தனித்தனி அணுக்களே தெரிந்தன.

இரைச்சலில் தெரிந்த ஐன்ஸ்டைன்

பிரிதிறன் எண்களைப் புரிந்துகொள்ள ஒரு கைக்கணக்கு: 10 ஆங்ஸ்ட்ராமில் வெளி வடிவம் மட்டும், 7-இல் சுருள்கள் தண்டாக, 4.5 அளவில் புரதச் சங்கிலி தாள்போல அமைந்த இடங்களின் இழைகள் பிரியும், 3.5-இல் அமினோ அமிலங்களின் பெரிய பக்கக்கிளைகள். 2-க்கு அருகே நீர் மூலக்கூறுகள். யாராவது 4 ஆங்ஸ்ட்ராம் என்று சொல்லிவிட்டு உருவத்தில் சுருள்களின் புரியே தெரியவில்லை என்றால், எண்ணை நம்பாதீர்கள், உருவத்தை நம்புங்கள்.

ஏமாறுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. வெறும் இரைச்சல் படங்கள் ஆயிரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஐன்ஸ்டைனின் புகைப்படத்தோடு எங்கே அதிகம் ஒத்துப்போகிறதோ அங்கே நகர்த்திப் பொருத்துங்கள். பிறகு சராசரி எடுங்கள். ஐன்ஸ்டைன் தோன்றுவார். படங்களில் அவர் இல்லவே இல்லை. தேடியவர் கொடுத்த மாதிரியே திரும்பி வந்தது. எச்ஐவி வைரஸின் உறைப் புரதம் பற்றி வெளியான ஒரு அமைப்பு குறித்த விவாதத்தில், 2013-இல் ஹெண்டர்சன் இந்த எச்சரிக்கையை அழுத்தமாக எழுதினார்.

இதைத் தடுக்கத்தான் படங்களைத் தொடக்கத்திலேயே இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இரண்டு உருவம் கட்டுகிறார்கள். எந்த நுட்பம்வரை இரண்டும் ஒத்துப்போகின்றனவோ அதுவே பிரிதிறன். ஒப்புமை (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.143-க்குக் கீழே இறங்கும் இடத்தில் கோடு கிழிப்பது 2003-ஆம் ஆண்டின் அதே கட்டுரையிலிருந்து வந்த வழக்கம். சாய்வுச் சோதனையும் செய்யலாம்: ஒரே மூலக்கூறுகளைத் தெரிந்த ஒரு கோணத்தில் சாய்த்து இரண்டாம் படம் எடுத்தால், உருவம் சரியாக இருக்கும்பட்சத்தில் கணினி அதே கோணத்தைச் சொல்ல வேண்டும்.

உருவத்துக்குள் அணு மாதிரியைப் பொருத்திய பிறகு கடைசிச் சோதனை சென்னையிலிருந்து வந்தது. ஜி.என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் வகுத்த வரைபடம், புரத முதுகெலும்பின் இரண்டு திருப்பக் கோணங்களில் எவை அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் சாத்தியம் என்று காட்டுகிறது. மங்கலான பகுதியில் மாதிரியைக் கட்டாயமாகத் திணித்தவர் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்வார். தடைசெய்த பகுதியில் புள்ளிகள் விழும். ஆனால் சில மென்பொருள்கள் இந்த வரைபடத்தையே இலக்காக வைத்து மாதிரியைத் திருத்தும். அப்படிச் செய்திருந்தால் புள்ளிகள் ஒழுங்காக விழுவதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

300 கிலோவோல்ட் எதற்கு?

ஹெண்டர்சனின் அண்மைக் காலக் கேள்வி மறுபடியும் கணக்கில்தான் போய் நிற்கிறது. உயர்தரக் கருவிகள் எல்லாம் 300 கிலோவோல்ட். அந்த மின்னழுத்தத்தை அடக்க சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு வாயு நிரப்பிய தொட்டிகள், பெரிய அறை, பல மில்லியன் டாலர் விலை. நிறையப் பல்கலைக்கழகங்களுக்கு எட்டாக்கனி. 2019-இல் ஹெண்டர்சனும் ரூசோவும் மேத்யூ பீட்டும் அளந்து பார்த்ததில், மெல்லிய மாதிரிக்கு 100 கிலோவோல்ட்டில் அதே சேதத்துக்குச் சுமார் 25 சதவீதம் கூடுதல் தகவல் கிடைக்கிறது. குறைந்த வேக எலெக்ட்ரான் அதிகம் சேதப்படுத்தும் என்பது உண்மை. பயனுள்ள சிதறல் அதைவிட அதிகமாகக் கூடுகிறது.

பிறகு ஏன் எல்லாரும் 300-ஐ வாங்கினார்கள்? தடித்த மாதிரிக்கு அது நல்லது, லென்ஸ் குறைகள் அதில் குறைவாகவே பாதிக்கும். அதோடு, தேய்த்து மெலிந்த அந்த உணர்கருவிகள் 300-க்காகவே செய்தவை; 100 கிலோவோல்ட் எலெக்ட்ரான் அவற்றில் நேராகப் போகாமல் பக்கவாட்டில் சிதறி, அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் நிரப்பிவிடும். இந்த வேகத்துக்குத் தேவை நேர் எதிரான வடிவமைப்பு: எலெக்ட்ரானை முழுதாக விழுங்கிவிடும் தடித்த சிலிக்கன், பெரிய பிக்சல், ஒவ்வொரு பிக்சலிலும் தனி எண்ணி. கேம்பிரிட்ஜ் குழு 2023-இல், எளிய 100 கிலோவோல்ட் கருவியில் இதற்கென்று செய்த உணர்கருவியைப் பொருத்தி, பல புரதங்களின் அமைப்பை மாதிரி கட்டும் அளவுக்குத் தெளிவாகக் காட்டியது.